சூடானுக்கு உதவி எங்கே சிக்கியது?

கேள்வி: 2019-ல் அதிபர் அல்-பஷீரின் ஆட்சி வீழ்ந்த பிறகு, உலக நாடுகள் சூடானுக்கு உடனே கைகொடுக்காதது ஏன்?

பதில்: முதல் முட்டுக்கட்டை, பயங்கரவாத ஆதரவு நாடுகளின் பட்டியல். 1993-ல் சேர்த்த பெயரை அமெரிக்கா நீக்கியது 2020 டிசம்பரில்தான். அதுவரை கடன் தள்ளுபடிக்கு வழியில்லை. அடுத்து, உலக வங்கிக்கான பழைய பாக்கி; அமெரிக்கா தந்த சுமார் 115 கோடி டாலர் இடைக்காலக் கடனால் 2021 மார்ச்சில் அது தீர்ந்தது. கடன் நிவாரணத் தகுதி கிடைக்க ஜூன் ஆகிவிட்டது.

பெரும் பிழை, எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான். எரிபொருள் மானிய வெட்டு 2020-லேயே தொடங்கியது. ஏழைகளுக்குத் தலைக்கு மாதம் 5 டாலர் தரும் திட்டமோ 2021-ல்தான் வந்தது. பணம் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விலைவாசியில் மக்கள் நொந்துபோயிருந்த நிலையில், அக்டோபர் 25-ல் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. உலக வங்கியும் பட்டுவாடாவை நிறுத்தியது.