அப்பீல் போட்டால் வெளியே வந்துவிடுவானா?

2021-ல் என் தங்கை மீது ஆசிட் ஊற்றியவனுக்கு மகிளா கோர்ட் 12 ஆண்டு தண்டனை கொடுத்தது. இப்போது ஐகோர்ட் மதுரைக் கிளையில் அப்பீல் போட்டிருக்கிறான். 'அது ஆசிட்டே இல்லை, பாத்ரூம் கழுவுகிற லிக்விட்' என்கிறார்களாம். தங்கை மறுபடியும் சாட்சி சொல்ல வேண்டுமா? அவள் தூங்கியே பல நாளாகிறது.
– வாசகி, திண்டுக்கல்

முதலில் தங்கையைத் தூங்கச் சொல்லுங்கள். அப்பீலில் புதிதாகச் சாட்சி விசாரிப்பது மிக அபூர்வம். கீழ்க்கோர்ட்டில் பதிவானதை வைத்துத்தான் வாதம் நடக்கும்.

லிக்விட் கதைக்கு வருவோம். உடம்பை அரிக்கிற, எரிக்கிற தன்மையுள்ள எந்தப் பொருளும் சட்டத்தின் கண்ணில் ஆசிட்தான். பாட்டிலில் என்ன பெயர் ஒட்டியிருந்தால் என்ன? இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013-ல் வந்த 326ஏ பிரிவுக்கான விளக்கமே அப்படித்தான் சொல்கிறது. (2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தாலும், சம்பவம் 2021 என்பதால் உங்களுக்குப் பழையதுதான்.) அப்புறம் ஏன் அதையே பிடித்துத் தொங்குகிறார்கள்? அந்தப் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. பிரிவு நிற்கும்வரை ஐகோர்ட்டும் அதற்குக் கீழே இறங்க முடியாது. அதனால் பிரிவையே உடைக்கப் பார்க்கிறார்கள். அன்று தங்கை போட்டிருந்த, ஓட்டை ஓட்டையாகப் பொசுங்கிய துப்பட்டா ஆய்வகத்துக்குப் போயிருந்தால், அந்த அறிக்கையும் டாக்டர் எழுதிய காயச் சான்றிதழும்தான் இங்கே பேச வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. அப்பீல் முடிய வருடக்கணக்கில் ஆகலாம். அதுவரை தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீனில் விடுங்கள் என்று தனியாக ஒரு மனு போடுவார்கள். இவ்வளவு பெரிய குற்றத்தில், அரசு வழக்கறிஞர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்புக் கொடுக்காமல் விட முடியாது. பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அப்பீல் எண்ணையும் தீர்ப்பு நகலையும் எடுத்துக்கொண்டு மதுரைக் கிளையில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். அவன் ஆட்கள் மிரட்டியிருந்தால், தங்கைக்கு இன்னும் ஆபரேஷன் பாக்கியிருந்தால், அந்தக் காகிதங்களும் கையில் இருக்கட்டும்.

தண்டனையைக் கூட்டச் சொல்லி நீங்கள் அப்பீல் போக முடியாது, அரசுதான் போக வேண்டும். இழப்பீடு போதவில்லை என்றால் நீங்களே போகலாம். அபராதத் தொகை தங்கைக்கே சேர வேண்டியது. அது தவிர, அரசு தரும் இழப்பீடு குறைந்தது 3 லட்சம் என்பது 2013-லேயே உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. இதுவரை வந்து சேரவில்லை என்றால், அப்பீல் முடியட்டும் என்று காத்திருக்காமல் திண்டுக்கல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இந்த வாரமே மனு கொடுங்கள்.