காதுக்குள் கேட்கும் ஒலி அனாகத நாதமா, காது இரைச்சலா?

கேள்வி: எனக்கு வயது 54. சில மாதங்களாக விடியற்காலையில் ஐந்தெழுத்தை மனத்துக்குள் ஓதித் தியானம் செய்து வருகிறேன். அண்மைக் காலமாக, ஓதுதல் அடங்கி மனம் அமைதியாகும் வேளையில் வலக் காதில் சில்வண்டு கத்துவதைப் போன்ற மெல்லிய ஒலி விடாமல் கேட்கிறது. இதுவே அனாகத நாதம் என்றும், வலக் காதில் கேட்பது நல்லது, இடக் காதில் கேட்டால் தீது என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். என் மனைவியோ காது டாக்டரிடம் போய்க் காட்டச் சொல்கிறார். யார் சொல்வது சரி? ஒலியைக் கவனிப்பதா, ஐந்தெழுத்தையே தொடர்வதா?

பதில்: முதலில் உங்கள் மனைவி சொல்வதைச் செய்யுங்கள். நண்பர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை உண்டு. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் காது நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது அவசியம். ஒரே காதில் மட்டும் விடாமல் ஒலி கேட்பதை மருத்துவர்கள் அலட்சியப்படுத்துவதில்லை. காதில் அழுக்கு அடைத்திருப்பது போன்ற எளிய காரணமாகவும் இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் குறையத் தொடங்குவதால் எழும் இரைச்சலாகவும் இருக்கலாம். அரிதாகச் செவி நரம்பில் வளரும் கட்டியின் அடையாளமாகவும் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று ஆடியோகிராம் என்னும் செவித்திறன் பரிசோதனையைச் செய்துகொண்டால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு போங்கள்; அதிக அளவில் எடுக்கும் ஆஸ்பிரின், சிலவகை ஆன்டிபயாட்டிக் ஊசிகள், நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை காதில் இரைச்சலை உண்டாக்கக்கூடியவை. ஒலி நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ, தலைச்சுற்றல் இருந்தாலோ காலம் கடத்த வேண்டாம். திடீரென்று ஒரு காது மந்தமானால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்று வந்தாலும், அதனாலேயே இது தெய்விக ஒலி என்று உறுதியாகிவிடாது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், செவித்திறன் நன்றாக உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் தனித்தனியாக உட்காரவைத்து, கேட்பதை எழுதச் சொன்னபோது, அவர்களில் 94 விழுக்காட்டினர் ரீங்காரம், மணியோசை, பூச்சி கத்துவது போன்ற ஏதேனும் ஓர் ஒலியைக் கேட்டதாக எழுதினர். அவர்கள் தியானம் பயின்றவர்கள் அல்லர். வெளியே அமைதி ஏற்பட்டால் உள்ளே ஒலி புலப்படுவது மனிதருக்கு இயல்பானது என்பதை இது காட்டுகிறது. விடியற்காலை அமைதியில், ஓதுதலும் நின்ற பிறகு, உங்களுக்கு ஒலி கேட்பதில் வியப்பில்லை.

இதைச் சொன்னால் நம் மரபைக் குறைத்துச் சொல்வதாகச் சிலர் வருந்துகிறார்கள். உண்மையில் நம் மரபின் பழைய நூல்கள் இந்த ஒலியை உடம்பிலிருந்து பிரித்துப் பேசவே இல்லை. உண்ட உணவைச் செரிக்கவைக்கும் வைசுவாநர அக்கினி மனிதனுக்குள் இருக்கிறது, காதுகளை மூடிக்கொண்டால் கேட்பது அந்தத் தீயின் முழக்கமே, உயிர் பிரியும் நிலையில் இருப்பவனுக்கு அது கேட்பதில்லை என்று பிருகதாரண்யக உபநிடதம் சொல்கிறது. சாந்தோக்கியமும் காதை மூடினால் கேட்கும் ஒலியை எருது முக்காரமிடும் ஓசைக்கும் தீ எரியும் ஓசைக்கும் ஒப்பிட்டு, வானத்துக்கு அப்பால் ஒளிரும் பேரொளியே இந்த உடம்புக்குள்ளும் இருக்கிறது என்பதற்கு அதை அடையாளமாகக் காட்டி, அந்தப் பேரொளியைக் கேட்கப்பட்டதாக எண்ணி வழிபடச் சொல்கிறது. ஆகவே, உடம்பின் ஒலியா, தெய்வத்தின் ஒலியா என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்கும் கேள்வியை அந்த முனிவர்கள் கேட்கவில்லை. உடம்பில் எழும் ஒலியையே உபாசனைக்கு உரியதாக்கினார்கள். எந்த ஒலி என்பதைவிட, அதைப் பற்றிக்கொண்டு மனம் எங்கே போகிறது என்பதையே அவர்கள் முதன்மையாகக் கருதினார்கள்.

பின்னர் வந்த யோக நூல்கள் இதையே ஒரு முறையாக வகுத்தன. ஒரு பொருளோடு மற்றொரு பொருள் மோதாமலே எழுவது என்பதால் இந்த உள்ளொலியை அனாகத நாதம் என்றார்கள். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹட யோகப் பிரதீபிகையின் நான்காம் பகுதி, ஆதிநாதராகிய சிவன் அருளிய, மனத்தை ஒடுக்கும் ஒன்றேகால் கோடி லய முறைகளுள் நாதத்தை நாடும் நாதானுசந்தானமே தலையாயது என்கிறது. தேனைக் குடிக்கும் வண்டு மலரின் மணத்தைப் பொருட்படுத்தாதது போல, நாதத்தில் ஈடுபட்ட சித்தம் புலன் இன்பங்களை விரும்புவதில்லை என்பது அந்நூல் தரும் விளக்கம். நாதம் மனத்துக்கு ஒரு பற்றுக்கோடு என்பதே இதன் கருத்து.

உங்கள் நண்பரைப் போலப் பலரும் எந்த ஒலி கேட்டால் எந்தப் படி என்று அறிய விரும்புகிறார்கள். இந்த இடத்தில் நூல்களை ஒன்றோடொன்று வைத்துப் படிப்பது நல்லது. ஹம்ச உபநிடதம் கூறும் பத்து நாதங்களில் சிணி, சிஞ்சிணி என்று ஒலிக்கும் மெல்லிய ஓசைகள் முதலிலும் மேகத்தின் இடி பத்தாவதாகவும் வருகின்றன. முந்தைய ஒன்பதையும் விட்டுப் பத்தாவதையே பயிலச் சொல்கிறது அது. பிரதீபிகையிலோ கடலும் மேகமும் பேரிகையும் தொடக்கத்தில் கேட்பவை. கிண்கிணி, குழல், வீணை, வண்டு ஆகியவற்றின் நுண்ணிய ஒலிகள் முடிவில் கேட்பவை. ஒரு நூலில் முதற்படியாக உள்ள மெல்லிய ஓசை மற்றொன்றில் கடைசிப் படியாகிறது! சில்வண்டு ஒலி கேட்டதைக் கொண்டு நீங்கள் முதற்படியில் நிற்கிறீர்கள் என்றோ, முடிவை நெருங்கிவிட்டீர்கள் என்றோ எவரேனும் சொன்னால், அதற்கு நூல்களின் பொதுவான ஆதாரம் இல்லை. திருமூலர் மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ் என்று பத்தையும் அடுக்கிச் சொல்லும்போது படிவரிசை எதையும் வகுக்கவில்லை. ‘பணிந்தவர்க் கல்லது பார்க்கவொண் ணாதே’ என்று முடிக்கிறார். ஒலியின் வகையை அவர் தகுதியாக வைக்கவில்லை, பணிவையே தகுதியாக வைத்தார் என்பது என் புரிதல்.

வலம், இடம் பற்றிய செய்திக்கும் மூலம் உண்டு. உள்ளே எழும் நாதத்தை ஒருமித்த மனத்தோடு வலக் காதில் கேட்க வேண்டும் என்று பிரதீபிகை சொல்கிறது. அது கவனத்தை நிறுத்தும் இடத்தைச் சொல்லும் விதி. இடக் காதில் கேட்டால் தீங்கு என்று அந்தச் சுலோகம் சொல்லவில்லை. இடப்பக்க ஒலியை விலக்க வேண்டும் என்பது, 19ஆம் நூற்றாண்டில் ஆக்ராவில் தோன்றிய ராதாசுவாமி மரபின் போதனைகளில் வலியுறுத்தப்படுவது. அந்த மரபில் தீட்சை பெற்றவர்களுக்கு அது பொருந்தும். உங்களைப் பொறுத்தவரை, வலக் காதில் மட்டும் கேட்பது நற்குறியாயிற்றே என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஐந்தெழுத்து ஓதும் சைவராகிய உங்களுக்கு நம் சித்தாந்தம் இன்னும் ஒரு தெளிவைத் தருகிறது. உலகின் அடிப்படைக் கூறுகளாக அது சொல்லும் 36 தத்துவங்களில் உச்சியில் வைக்கப்படுவது நாதம். ஆனால் அதுவும் சுத்த மாயை என்னும் தூய மூலப்பொருளிலிருந்து தோன்றிய தத்துவமே, அறிவற்ற சடமே. சிவம் அதற்கும் அப்பாற்பட்டது. வாய்ப்பேச்சிலிருந்து மிக நுண்ணிய சொல்நிலை வரை வைகரி, மத்திமை, பைசந்தி, சூக்குமை என்னும் நால்வகை வாக்குகளும் அவ்வாறே மாயையின் காரியங்கள். செவி நரம்புக்கு எட்டும் ஓர் ஒலியை உச்சியில் உள்ள அந்த நாதம் என்று கொண்டுவிட்டால், மிக மேலே வைக்க வேண்டியதை மிகக் கீழே இறக்கிவிடுகிறோம். அப்படியானால் ஒலிக்குச் சைவத்தில் இடமே இல்லையா என்றால், மிக உயர்ந்த இடம் உண்டு. சேரமான் பெருமாள் நாயனார் நாள்தோறும் பூசையை முடிக்கும் வேளையில் தில்லைக் கூத்தனின் சிலம்பொலியைக் கேட்டார் என்றும், ஒரு நாள் அது கேட்கத் தாழ்ந்தபோது, தம் பூசையில் பிழை நேர்ந்ததோ என்று கலங்கி உடைவாளை உருவினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் பாட்டில் மகிழ்ந்திருந்ததால் சிலம்பொலி தாழ்ந்தது என்று இறைவன் பின்னர் அறிவித்தார். 12ஆம் நூற்றாண்டுச் சாத்திர நூலாகிய திருவுந்தியாரும், திருச்சிலம்போசையின் வழியே சென்று அங்கே ஆடும் நிருத்தனைக் கும்பிடச் சொல்கிறது. ஓசை அங்கே வழி. கும்பிடப்படுபவன் கூத்தன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பரிசோதனை முடிந்து, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, வழக்கம்போல் ஐந்தெழுத்தையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓதுதல் தானாக அடங்கி ஒலி கேட்கும் வேளையில் அதைத் துரத்தவும் வேண்டாம், தேடிப் பிடிக்கவும் வேண்டாம். பத்து நிமிட அளவில் அதன்மேல் கவனத்தை மெல்ல வைத்திருங்கள். பல ஒலிகள் கலந்து கேட்டால் அவற்றுள் நுண்ணியதை நாடுங்கள்; பிரதீபிகை சொல்லும் வழியும் இதுவே. மனம் வேறு நினைவுகளுக்குப் போனால் ஒலிக்குத் திரும்ப வேண்டாம், ஐந்தெழுத்துக்கே திரும்புங்கள். குருவின் நேரடிக் கண்காணிப்பு இல்லாதவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது என்று கருதுகிறேன்.

காதை மூடிப் பயில விரும்பினால், விரலைக் காதுக்குள் நுழைக்காமல், காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறிய குருத்தெலும்பு மடிப்பைக் கட்டைவிரலால் இலேசாக அழுத்தினால் போதும். அப்போது கேட்கும் ஆழ்ந்த முழக்கத்தில் பெரும்பகுதி உங்கள் கைத்தசைகளின் அதிர்வே. முழங்கைகளைத் தாங்குபலகையில் ஊன்றிப் பிடியைத் தளர்த்திப் பாருங்கள், முழக்கம் தணியும். தணிந்த பிறகும் எஞ்சி நிற்கும் மெல்லொலியையே கவனத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்து மூடி மூச்சை அடக்கும் முறையும் நூலில் உண்டு. ஆசிரியர் அருகில் இல்லாமல், அதுவும் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அதைச் செய்யக் கூடாது. இயர்போனில் ஓங்கார ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுப் பழகுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளொலி வேண்டி வெளியொலியால் காதைக் களைக்கச் செய்வது முரணானது.

பயிற்சி முடிந்து எழுந்த பிறகும் ஒலி உங்களைத் தொந்தரவு செய்தால், தூக்கத்தைக் கெடுத்தால், அல்லது நாள் முழுதும் அதையே கவனித்துக்கொண்டிருக்கும் பழக்கம் வந்தால், நாதப் பயிற்சியை நிறுத்திவிட்டு, வாய்விட்டுத் திருமுறை ஓதுங்கள். காது இரைச்சல் உள்ளவர்கள் அதைக் கவனிக்கக் கவனிக்க அது பெரிதாகத் தோன்றுவது உண்டு. இரவில் மின்விசிறியின் ஓசை போன்ற மெல்லிய பின்னணி ஒலி இருப்பது அவர்களுக்கு உதவும். கேட்பது வெறும் ஒலியாக இல்லாமல் சொற்களாகவும், கட்டளையிடும் குரல்களாகவும் மாறினால், அதை அருள்வாக்கு என்று கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் உடனே கலந்து பேச வேண்டும். தாமதித்ததால் துன்பப்பட்ட குடும்பங்களை அறிந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு கட்டத்தில் ஒலி குறைந்து, முற்றிலும் கேட்காமலே போகவும் கூடும். பயிற்சியில் பின்தங்கிவிட்டதாக எண்ணி, மறுபடி கேட்கவேண்டும் என்று பலர் படாத பாடு படுகிறார்கள். ஒலி உள்ளவரையில் ஆகாயம் என்னும் எண்ணம் இருக்கிறது, ஒலியற்றதே பரப்பிரமம் என்று அதே பிரதீபிகை இறுதியில் சொல்கிறது. ஆகவே ஒலி நின்ற நாளிலும் ஐந்தெழுத்தைத் தொடருங்கள்; பரிசோதனை முடிவு வந்த பின் விவரத்தோடு மீண்டும் எழுதுங்கள்.