இசைமேதை பாக் பிழைப்புக்கு என்ன வேலை பார்த்தார்?

வாத்தியார் வேலை. சரியாகச் சொன்னால், சர்ச்சில் பாடும் பையன்களுக்குப் பாட்டு வாத்தியார். 1723 மே மாதம் குடும்பத்தோடு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வந்ததிலிருந்து 1750இல் சாகும்வரை, ஜொஹான் செபாஸ்டியன் பாக் அங்கே புனித தாமஸ் பள்ளியின் 'கான்டர்'. நகரத்தின் நான்கு சர்ச்சுகளுக்குப் பாடகர்களைத் தயார்செய்து அனுப்புவது அவர் பொறுப்பு. அந்த வேலைக்கும் அவரை முதலில் கூப்பிடவில்லை. நகர மன்றம் அப்போது பேர்பெற்ற இசையமைப்பாளரான டெலிமானைக் கேட்டது, அவர் ஹாம்பர்க்கில் சம்பளத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அடுத்து கிராப்னர் என்ற இன்னொரு இசையமைப்பாளர், அவரை வேலைக்கு வைத்திருந்த பிரபு விடவில்லை. அப்புறம்தான் பாக்.

நானும் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவன். அதனால் அவருடைய வாழ்க்கையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது, 1730 ஆகஸ்டில் அவர் நகர மன்றத்துக்கு எழுதிய மனு. பையன்களின் பெயர்களை எழுதி மூன்றாகப் பிரிக்கிறார்: பாடக்கூடியவர்கள் 17, இன்னும் பழக்க வேண்டியவர்கள் 20, பாட்டே வராதவர்கள் 17. ஒரு குழுவுக்குக் குறைந்தது 12 பேராவது வேண்டும், 16 இருந்தால் நல்லது என்று அதே மனுவில் கேட்கிறார். வாத்தியம் வாசிக்க நகரம் கொடுத்தது 8 பேர். அவர்கள் திறமையைப் பற்றி உண்மையைச் சொல்ல அடக்கம் இடம்தரவில்லை என்று எழுதிவிட்டு மேலே போகிறார். எந்தப் பாட்டு வாத்தியாரும் வருஷ ஆரம்பத்தில் வகுப்பைப் பார்த்ததும் மனசுக்குள் போடும் கணக்கு அது, அதைப் பாக்கும் போட்டிருக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்தப் பையன்களை வைத்துக்கொண்டுதான் முதல் சில வருஷங்கள் கிட்டத்தட்ட வாராவாரம் ஒரு புதுக் கான்டாட்டா, அதாவது ஆராதனையில் குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து பாடும் படைப்பு. அவர் எழுத எழுத, மனைவி அன்னா மக்தலேனா, பிள்ளைகள், மாணவர்கள் என்று வீடே உட்கார்ந்து ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் படி எடுக்கும். மை காய்ந்த கையோடு ஒத்திகை, ஞாயிறு காலை ஆராதனை. லத்தீன் பாடமும் அவர் தலையில்தான் இருந்தது, அதற்குத் தன் காசில் இன்னொருவரை வைத்துக்கொண்டார். முறை வரும் வாரங்களில் விடுதிப் பையன்களை மேய்க்கும் வேலையும் உண்டு.

சம்பளம்? வருமானத்தில் ஒரு பகுதி கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாடும் கட்டணம். அதே 1730இல் பால்ய நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில், வருஷத்துக்குச் சுமார் 700 தாலர் (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) வருகிறது, காற்று நன்றாக இருந்து சாவு குறைந்தால் அதுவும் குறைகிறது, போன வருஷம் அப்படி 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்கிறார். வேறு ஊரில் வேலை கிடைக்குமா என்று கேட்கத்தான் அந்தக் கடிதமே. வேலை கிடைக்கவில்லை. மேலதிகாரிகளோடு சண்டை, பிள்ளைகளின் சாவு (20 பேரில் பாதிதான் பெரியவர்களானார்கள்), இவ்வளவுக்கும் நடுவில் இன்னும் 20 வருஷம் அங்கேயே இருந்தார்.

1749இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அந்த இடத்துக்கு ஹாரர் என்பவரை ஒரு கான்டாட்டா நடத்தவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு இதை மன்னிக்க முடியவில்லை.

அவர் இசையை இதுவரை கேட்டதில்லை என்றால் மத்தேயு பாடுகளின் (இயேசுவின் துன்பங்களைப் பாடும் அவருடைய பெரிய படைப்பு, St Matthew Passion) தொடக்கத்தைப் போடுங்கள். ஒரு குழு பாட, இன்னொரு குழு குறுக்கே 'யாரை?', 'எப்படி?' என்று கேட்கும். அந்தக் கூட்டத்துக்கு மேலே மூன்றாவதாகச் சின்னப் பையன்களின் குரல், எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஞானப்பாட்டை நிதானமாகப் பாடிக்கொண்டு வரும். அந்தக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.