வீட்டில் கீமோ மாத்திரை: எப்போது நிறுத்த வேண்டும்?

கேள்வி: என் அத்தைக்கு (கணவரின் அம்மா) வயது 61. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது கேப்சைடபின் 500 மி.கி. மாத்திரை காலை 3, இரவு 3 என்று 14 நாள் சாப்பிட்டு, 7 நாள் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். இது முதல் சுற்று. மாத்திரை பெரிதாக இருப்பதால் பொடித்துத் தரச் சொல்கிறார், தரலாமா? ஐந்தாம் நாள் இரவு கொடுக்க மறந்துவிட்டோம். அதை மறுநாள் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா? நேற்றிலிருந்து வயிறு கொஞ்சம் போகிறது. ‘டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார், நோய் திரும்ப வந்துவிடும், சொல்லாதே’ என்கிறார். அவருக்கு சர்க்கரையும் உண்டு. உடம்பு தேறட்டும் என்று மெடிக்கலில் சத்து மாத்திரை வாங்கித் தருகிறோம். இதையெல்லாம் கவனிப்பது நான்தான். நான் நான்கு மாதக் கர்ப்பிணி. - வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் வயிற்றுப்போக்கைப் பார்த்துவிடுவோம். மற்றவை அப்புறம். அத்தை வழக்கமாக நாளைக்கு எத்தனை முறை போவார், இப்போது எத்தனை முறை போகிறார் என்று கேட்டு எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடியிருந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தாலோ, அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உடனே சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். ஒன்றிரண்டு முறை மட்டும் கூடியிருந்தால் மாத்திரை தொடரலாம். ஆனால் அதையும் இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கூடவே ஓஆர்எஸ் கொடுக்கத் தொடங்குங்கள். பாக்கெட்டில் 200 மில்லியா, ஒரு லிட்டரா என்று படித்து அந்த அளவு தண்ணீரில் கலக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஓஆர்எஸ் தரலாமா என்று பலர் தயங்குகிறார்கள். வயிறு போகும்போது உடலில் நீர் வற்றுவதுதான் பெரிய ஆபத்து. தயங்காமல் கொடுங்கள், சுகரை அடிக்கடி பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் போனில் சொல்லுங்கள். அதுவும் வயிற்றைக் கலக்கும். தவிர, நீர் வற்றிய நிலையில் அதைத் தொடரலாமா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

இனி உங்கள் அத்தையின் பயத்துக்கு வருகிறேன். இந்தப் பயம் அவருக்கு மட்டும் உள்ளதல்ல, இந்த மாத்திரை சாப்பிடும் பலரிடமும் நான் பார்ப்பது. மாத்திரைதானே என்று தோன்றினாலும் இது முழு கீமோ. கேப்சைடபின் உடலுக்குள் போய் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாக மாறுகிறது. 1950களிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, இன்றும் நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்து அது. மருத்துவமனையில் ஏற்றும்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பார். வீட்டில் அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் கொடுக்கத் தெரிவதைப் போலவே நிறுத்தவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை எண்ணிக்கையை உயரம், எடை, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுகிறோம். ஒருவர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தெரியவரும். பக்கவிளைவு கூடினால் சில நாள் நிறுத்தி, சரியான பிறகு அதே அளவிலோ குறைத்தோ மறுபடி தொடங்குவது இந்தச் சிகிச்சையில் அன்றாடம் நடப்பது. அப்படி விட்டுப்போன வேளைகளை ஈடுகட்டத் தேவையில்லை. அத்தையிடம் இதை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: நிறுத்தியதால் சிகிச்சை தோற்றுப்போகாது. மறைத்தால்தான் ஆபத்து. வயிறு போய் நீர் வற்றினால் சிறுநீரகம் தளரும். மருந்தின் கழிவு சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது தேங்கினால் பக்கவிளைவு இன்னும் மோசமாகும்.

முதல் சுற்று என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் டிபிடி என்ற என்சைம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு ஆரம்ப நாட்களிலேயே கடும் வயிற்றுப்போக்கு, வாய் முழுக்கப் புண், காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். இதைக் கண்டறியப் பரிசோதனை உண்டு. ஏற்கெனவே எடுத்தார்களா என்று கேளுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். உடம்பு சுடுகிறது என்றதும் பாராசிட்டமால் போட்டுவிடாதீர்கள். முதலில் தெர்மாமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சு வலி வந்தால் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த மருந்து சிலருக்கு இதய ரத்தக்குழாயைச் சுருங்கவைக்கும். ஒரே நாளில் ஒரு முறைக்கு மேல் வாந்தி எடுத்தாலும், வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

மறந்துபோன இரவு வேளையை அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் ஆறு மாத்திரைக்குப் பதில் ஒன்பது கொடுப்பது கூடவே கூடாது. மீந்ததைத் தீர்க்கிறேன் என்று பதினைந்தாம் நாளும் கொடுக்கக் கூடாது. அந்த ஏழு நாள் ஓய்வில்தான் ரத்த அணுக்களும் குடலின் உள்தோலும் தேறுகின்றன. மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தாலும் திரும்பக் கொடுக்காதீர்கள். சுவரில் மாட்டும் மாதக் காலண்டரில் 14 நாளையும் வட்டமிட்டு, காலை ஒரு டிக், இரவு ஒரு டிக் என்று போட்டு வந்தால் குழப்பம் வராது.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள், தண்ணீரில் விழுங்க வேண்டும். இரண்டு இட்லி உள்ளே போனாலும் போதும். காலை எட்டு, இரவு எட்டு என்று ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளி இருக்கட்டும். பொடிக்கவோ உடைக்கவோ வேண்டாம். பொடித்தால் மருந்துத் தூள் உங்கள் கையிலும் மூச்சிலும் போகும். ஒவ்வொரு மாத்திரையாக, நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் வேறு வழி என்ன என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

நீங்கள் கர்ப்பிணி என்பதால், அத்தையே அட்டையிலிருந்து மாத்திரையை ஒரு சின்னக் கிண்ணத்தில் பிதுக்கி எடுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் உங்கள் கணவர் எடுத்துக் கொடுக்கட்டும். அட்டைக்குள் இருக்கும் மாத்திரை வீட்டில் இருப்பதால் உங்களுக்கோ குழந்தைக்கோ எந்தக் கெடுதலும் இல்லை. வெறும் கையால் தொடாமல் இருந்தால் சரி. அத்தை எடுத்த வாந்தி, மலம் பட்ட துணி ஆகியவற்றை நீங்கள் சுத்தம் செய்ய வேண்டாம். செய்பவர் கையுறை போட்டு, அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்கட்டும். மாத்திரை சாப்பிடும் நாட்களிலும், நிறுத்திய பின் இரண்டு நாளும் கழிவறையில் தெறிக்காமல் தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். மற்றபடி அவரை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. தனித் தட்டு, தனி அறை என்று வைத்து நோயாளியின் மனதை நோகடிக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், தாராளமாகக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்து மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். சத்து மாத்திரைகள், பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்கள் பலவற்றில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. அது கேப்சைடபினின் பக்கவிளைவைக் கூட்டும். இப்போது வயிறு போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அட்டையைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பத்துக்காக நீங்களும் ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். அது உங்களுக்கு அவசியம், தொடருங்கள். இருவர் மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், யூரிக் அமிலத்துக்கான அலோபுரினால் இவற்றில் எதையாவது அத்தை சாப்பிட்டால் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கஷாயம், பொடி என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் கேட்காமல் தராதீர்கள்.

போகப் போக உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரியலாம். யூரியா கலந்த க்ரீம் தடவலாம். வெந்நீரில் கை வைப்பது, கல்லில் துணி துவைப்பது, வெயிலில் காய்ந்த மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடப்பது வேண்டாம். மருதாணி போட்டால் சிவப்பு தெரியாது, அதையும் தள்ளி வையுங்கள். வலித்தால், வீங்கினால், கொப்புளம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். சிலருக்கு ரேகையே அழிந்துபோகும். இந்த மருந்தைச் சாப்பிட்டு வந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, கைரேகை பதியவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் சில மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். 2009இல் மருத்துவ இதழ் ஒன்றில் அது பதிவாகியிருக்கிறது. ரேஷன் கடையில் அத்தையின் விரல் பதியாமல் போனால் பயப்படாதீர்கள். கார்டில் பெயர் உள்ள வேறொருவர் விரல் வைக்கலாம்.

அடுத்த சுற்றை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்ன பிறகே தொடங்குங்கள். போகும்போது காலண்டர் தாள், மீந்த மாத்திரைகள், சர்க்கரை மாத்திரை உட்பட வீட்டில் அத்தை சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையின் இரவு நேரப் போன் எண்ணையும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.