கழுத்துக் கருமை முதல் காலில் மச்சம் வரை: பிளாஸ்டிக் சர்ஜன் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 16 வயது, உடம்பு கொஞ்சம் பருமன். கழுத்தின் பின்பக்கம் கறுத்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. லேசர் செய்யலாமா?

பதில்: தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள் அம்மா, அது அழுக்கல்ல. தொட்டுப் பாருங்கள், தோல் தடித்து வெல்வெட் போல இருக்கும். அக்குளிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். ஈடுகட்ட உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்க, அது தோல் செல்களைப் பெருக்குகிறது. லேசர் அந்தக் காரணத்தைத் தொடாது. முதலில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையும் பாருங்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இப்போது எடையைக் குறைத்தால் நோயைத் தடுக்கவும் வாய்ப்புண்டு, கழுத்தின் கருமையும் மெல்லக் குறையும். இத்தகைய பிள்ளைகளுக்கு வெறும் க்ரீம் எழுதிக்கொடுத்து அனுப்புவது எனக்குக் கோபமூட்டுகிறது.

கேள்வி: கண்ணிமையில் மஞ்சள் திட்டு. எடுத்துவிடக் கேட்டால் இரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள். எதற்கு?

பதில்: அந்தத் திட்டு கொழுப்புப் படிவு. அது உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கும். அழகுக்காக வருபவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக வேறு எந்த மருத்துவரிடமும் போகாதவர்கள். நாங்களும் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்?

கேள்வி: லைப்போசக்‌ஷன் செய்தால் சர்க்கரை குறையுமா?

பதில்: குறையாது. நாங்கள் உறிஞ்சுவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பை. இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதில் பெரும்பங்கு குடலைச் சுற்றியுள்ள கொழுப்புக்கு; அது அப்படியே இருக்கும்.

கேள்வி: தொங்கும் வயிற்றைச் சரிசெய்ய, நான்கு வாரம் சிகரெட் கூடாது என்கிறார் சர்ஜன். நாளுக்கு இரண்டுதானே ஐயா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். வயிற்றுத் தோலைப் பிரித்து இழுத்துத் தைக்கிறோம். ஓரங்களுக்கு இரத்தம் போய்ச் சேராவிட்டால் தோல் கறுத்துச் செத்துவிடும். நிகோடின் சூயிங்கமும் ஆகாது. தையல் ஆறிய பிறகும் மறுபடி தொடாதீர்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அதுதான் பெரிய லாபம்.

கேள்வி: உள்ளங்காலில் ஒரு மச்சம், சில மாதங்களாகப் பெரிதாகிறது. அழகு நிலையத்தில் சுட்டு எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: சுடவே கூடாது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மவர்களுக்கு அரிது. ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. சுட்டுவிட்டால், புற்றுநோயா என்று பார்க்கும் பயாப்ஸி சோதனைக்குத் திசு மிஞ்சாது. இந்த வாரமே தோல் மருத்துவரிடமோ சர்ஜனிடமோ காட்டுங்கள்.