மேனேஜர் இல்லாத கம்பெனியில் மகளைச் சேர்க்கலாமா?

பெரம்பூரிலிருந்து எழுதியுள்ள ஐயாவுக்கு வணக்கம்.

எம்.பி.ஏ. முடித்த உங்கள் மகளுக்குப் பெருங்குடியில் நாற்பது பேர் பணிபுரியும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருப்பதையும், அங்கே மேனேஜர், சீனியர் மேனேஜர் என்ற பதவிகளே கிடையாது என்று நேர்காணலில் சொன்னது உங்களை உறுத்துவதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஜூனியர் இன்ஜினியர், சீனியர் செக்ஷன் இன்ஜினியர் என்று ஒவ்வொரு பதவியாக ஏறுவதைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவருக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனாலும் அதை மட்டும் காரணமாக வைத்து அந்த வேலையை ஒதுக்கிவிட வேண்டாம்.

ரயில் பெட்டி கட்டுமிடத்தில் ஒரு வெல்டிங் தவறினாலும் பயணிகளின் உயிருக்கு ஆபத்து என்பதால், யார் செய்தார், யார் சோதித்தார், யார் கையெழுத்திட்டார் என்ற வரிசை கட்டாயம் வேண்டும். வாடிக்கையாளரின் தேவை மாதத்துக்கு மாதம் மாறும் தொழிலிலோ, நான்கு மேசைகளைக் கடந்து அனுமதி வருவதற்குள் வாய்ப்பே கைநழுவிவிடும். நிலையான தொழிலுக்கு இறுக்கமான அமைப்பும், மாறும் தொழிலுக்கு நெகிழ்வான அமைப்பும் பொருந்தும் என்று பர்ன்ஸ், ஸ்டாக்கர் ஆகிய இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1961-லேயே எழுதிவிட்டார்கள். உங்கள் மகளும் இதைப் பாடத்தில் படித்திருப்பார்.

இது புதிய மோகமும் இல்லை. மழை புகாத கோர்-டெக்ஸ் துணியால் அறியப்படும் அமெரிக்காவின் கோர் நிறுவனம், 1958-இல் தொடங்கப்பட்டு, பதவி அடுக்குகளைப் பெருமளவு தவிர்த்தே வளர்ந்தது. புதிதாகச் சேர்பவருக்கு அங்கே ஒரு வழிகாட்டியை நியமிக்கிறார்கள். மறுபக்கமும் உண்டு. காலணி விற்கும் ஜாப்போஸ் நிறுவனம் மேலாளர் பதவிகளை நீக்கி, பிடிக்காதவர்கள் இழப்பீடு பெற்று விலகலாம் என்று 2015-இல் அறிவித்தபோது, ஏறத்தாழ 18 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பதவிகளை எடுத்துவிட்டாலும் அதிகாரம் போய்விடுவதில்லை. நிறுவனருடன் ஒரே கல்லூரியில் படித்தவர், வார இறுதியில் அவருடன் வெளியே செல்பவர், கூட்டத்தில் தயங்காமல் ஆங்கிலத்தில் பேசுபவர் ஆகியோரிடம் அது சத்தமில்லாமல் போய்ச் சேர்கிறது. வடசென்னையின் வியாசர்பாடி, காசிமேடு பகுதிகளிலிருந்து முதல் பட்டதாரிகளாக வேலைக்குச் செல்லும் பிள்ளைகள், வேலையில் யாருக்கும் குறைந்தவர்களாக இல்லாதபோதும், இந்த எழுதப்படாத படிக்கட்டைக் கண்டுகொள்வதற்குள் பின்தங்கிவிடுகிறார்கள். எழுதிவைத்த படிக்கட்டில் பணிமூப்பாவது துணை நிற்கும். (பணிமூப்பால் மட்டுமே மேலே வந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதை நான் புகழவில்லை.)

ஆகவே, சம்பள உயர்வை யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்வார்கள், முதல் ஆண்டில் வேலை கற்றுத்தருபவர் யார், சக ஊழியருடன் பிணக்கு வந்தால் யாரிடம் செல்வது, விலகும்போது அனுபவச் சான்றிதழில் என்ன பதவி குறிப்பிடப்படும் என்பவற்றை உங்கள் மகளே மின்னஞ்சலில் கேட்கட்டும். நீங்கள் போன் செய்து கேட்க வேண்டாம். பதவிப் பெயரை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. அடுத்த நிறுவனத்தின் ஹெச்.ஆர். முதலில் பார்ப்பது அதைத்தான். இருபது பேருக்கு மேல் இருப்பதால் பி.எஃப். பிடித்தம் உண்டா என்பதையும், பத்துப் பேர் இருந்தாலே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்க வேண்டிய பாலியல் தொல்லை புகார்க் குழு இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். அடுக்குகள் இல்லை என்று சொல்லி இவற்றிலிருந்து எவரும் விலக்குப் பெற முடியாது.

பதில் தெளிவாக எழுத்தில் வந்தால் சேரட்டும். "இங்கே எல்லோரும் ஒரே குடும்பம், இதெல்லாம் தேவைப்படாது" என்று வந்தால் நான் அனுப்பத் தயங்குவேன். நீங்கள் விரும்பும் வங்கி அதிகாரி தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கே 30 வயது வரை இடமிருப்பதால், ஓரிரு ஆண்டுகள் இங்கே வேலை பார்த்துவிட்டு அதை எழுதவும் அவருக்கு வயது இருக்கிறது.