ஆறு வார லீவில் படகைப் பெருங்கடலுக்குத் தயார் செய்ய முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வேலை பார்க்கிறேன். 1980களில் கட்டிய 32 அடி ஃபைபர் பாய்மரப் படகு இருக்கிறது. அடுத்த ஆண்டு பிரான்ஸ், ஸ்பெயின் கரையோர பிஸ்கே விரிகுடா வழியாகக் கேனரி தீவுகள், அங்கிருந்து கரீபியன் போக ஆசை. வரும் ஏப்ரலில் தொடங்கி ஆறு வாரம் லீவு. சோலார் பேனலும் கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷினும் வாங்கிவிட்டேன். எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: அந்த இரண்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பெரும்பாலும் படகு தண்ணீரில் நிற்கும்போதே அவற்றைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். லீவு நாள் முழுக்க, படகைக் கரையேற்றினால் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கும், மாஸ்டை, அதாவது பாய்மரக் கம்பத்தை, இறக்கினால் மட்டுமே பார்க்கக்கூடிய இடங்களுக்கும் போகட்டும்.

முதலில் அடிப்பக்கத் துளைகளில் இருக்கும் வால்வுகள். ஒவ்வொன்றையும் கழற்றி, உலோகத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தால் சரி, இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்விட்டது என்று அர்த்தம், அது பார்க்க முழுசாக இருக்கும், ஆனால் ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது அப்படியே கையோடு வந்துவிடும். யோசிக்காமல் மாற்றுங்கள். கீல் எனப்படும் கனமான அடித்தகட்டைப் படகோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் சுக்கானின் ஆட்டத்தையும் படகைப் பரிசோதிக்கும் ஒரு சர்வேயரிடம் காட்டிவிடுங்கள். அவரை லீவுக்கு முன்பே வரவழைத்தால்தான் தேவையான சாமான்களை அப்போதே ஆர்டர் போட முடியும். சாமானுக்காகக் காத்திருந்தே பாதி லீவு போய்விடுகிற கொடுமையைப் படகுப் பழுது யார்டுகளில் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

அடுத்தது ரிக்கிங். மாஸ்டைத் தாங்கும் கம்பிகள் பத்துப் பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் பழுது தெரிகிறதோ இல்லையோ, மாற்றிவிடுவது நல்லது. அவை பெரும்பாலும் கீழ்முனையில், தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் அறும். கம்பிகளைப் படகின் உடலோடு பிணைக்கும் ஸ்டீல் பட்டைகளை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. மேல்தளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில்தான் அரிப்பு நடக்கும் என்பதால் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். தனியாக உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் போன நம் அபிலாஷ் டோமி 2018இல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் படகு உருண்டு, மாஸ்ட் ஒடிந்து, முதுகு அடிபட்டுக் கிடந்தார். அது புயலின் வேலை. ஆனால் நடுக்கடலில் மாஸ்ட் போனால் நிலைமை என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இன்ஜினில் டீசல் டேங்கைக் காலி செய்து கழுவுங்கள். பல வருடத்துக் கசடு அடியில் அமைதியாகக் கிடக்கும், பிஸ்கேயில் படகு குலுங்கினால் கலங்கி ஃபில்டரை அடைக்கும், இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நின்றுபோகும்.

ஏப்ரல் குளிரில் ஒட்டுவதற்கான எபாக்ஸி பிசின் சீக்கிரம் இறுகாது, பத்து டிகிரிக்குக் கீழே என்றால் இன்னும் மெதுவாகும். அதனால் ஒட்டு வேலைகளை வெயில் வரும் கடைசி வாரங்களுக்குத் தள்ளத் தோன்றும். தள்ளாதீர்கள், தார்ப்பாய் கட்டி ஹீட்டர் வைத்தாவது முன்னாடியே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் படகு தண்ணீரில் இருக்க வேண்டும். எதிர்க்கரையில், பிரான்ஸில் இருக்கும் ஷெர்பூருக்கு ஒரு ராத்திரிப் பயணம் போய் வாருங்கள், வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து சுமார் 60 கடல் மைல்தான், எது ஒழுகுகிறது, எது உருளுகிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும். சரிசெய்யக் கோடை முழுக்க வார இறுதிகள் இருக்கின்றன.

பிஸ்கேயை ஆகஸ்டு முடிவதற்குள் தாண்டிவிடுங்கள். கேனரியிலிருந்து நவம்பர் கடைசிக்கு அப்புறம் கிளம்பினால் போதும். அங்கிருந்து கரீபியன் ஏறத்தாழ 2,700 கடல் மைல், ஒரு நாளைக்கு 120 மைல் ஓடினாலும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அந்த நீர் மெஷின் இருந்தாலும், ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கில் முழுப் பயணத்துக்கும் டேங்கிலும் கேனிலும் தண்ணீர் ஏற்றிக்கொண்டே கிளம்புங்கள்.